ஊசி வேலை செய்யும் நேரம்

போகி அன்று விடியற்காலை நாலரை மணி. வடசென்னையில் ஓர் அரசு மருத்துவமனையின் அவசரப் பிரிவு. கதவு திறக்கும்போதெல்லாம் தெருவில் எரியும் பாய், டயர் நாற்றம் உள்ளே வருகிறது.

ஆட்டோவிலிருந்து ஒரு பெண்ணைக் கைத்தாங்கலாக அழைத்து வருகிறார்கள். முப்பத்தைந்து வயதிருக்கும். படுக்கச் சொன்னால் தலையாட்டி மறுக்கிறாள். கட்டில் விளிம்பில் இரண்டு கைகளையும் ஊன்றி உட்கார்ந்து, தோளைத் தூக்கித் தூக்கி மூச்சை இழுக்கிறாள். ஒவ்வொரு இழுப்புக்கும் தொண்டைக்குக் கீழுள்ள குழி உள்வாங்குகிறது.

"எப்போலருந்து இப்படி?"

"ராத்திரி... பத்து..."

அதற்கு மேல் முடியவில்லை. மீதியை மாமியார் சொல்கிறார். விரலில் மாட்டிய கிளிப் ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு 88 என்று காட்டுகிறது. ஆக்சிஜன் திறக்கிறார்கள். முகமூடிக்குள் நெபுலைசர் புகை சுழல்கிறது.

"வரும்போது வீசிங் சத்தம் ஆட்டோக்காரருக்கே கேட்டுது டாக்டர். இப்ப அடங்கியிருக்கு" என்கிறார் கணவர். குரலில் கொஞ்சம் நிம்மதி.

மருத்துவர் இளம் பெண். முதுகில் ஸ்டெதாஸ்கோப்பை இடம் மாற்றி மாற்றி வைத்துக் கேட்கிறார். முகம் இறுகுகிறது. சுருங்கிய குழாயில் காற்று போய்வந்தால்தான் அந்த விசில் சத்தம். சத்தமே இல்லையென்றால் காற்றே சரியாகப் போகவில்லை. வீட்டார் நிம்மதி அடைகிற நிமிடமே மிக ஆபத்தான நிமிடம். ஆஸ்துமா உள்ள எந்த வீட்டிலும் இதை அறியாதவர் இருக்கக் கூடாது.

"சிஸ்டர், ஹைட்ரோகார்டிசோன் 100, ஐ.வி. மெக்னீசியம் 2 கிராம், 20 நிமிஷத்துல போகட்டும்."

கட்டைவிரல் உயரத்தில் ஒரு கண்ணாடிக் குப்பி, அடியில் வெள்ளைப் பொடி. சிஸ்டர் அதற்குள் ஊசித் தண்ணீரைச் செலுத்தி உள்ளங்கையில் உருட்டுகிறார். பால் போலக் கலங்கிப் பிறகு தெளிகிறது.

"ஸ்டீராய்டா?" மாமியார் எழுந்துவிட்டார். "அது வேணாம்மா. முகம் ஊதிடும், எலும்பு கரைஞ்சிடும்ங்கறாங்க."

"மாசக்கணக்கா, டாக்டரைக் கேக்காம சாப்பிட்டா வரும்மா. அஞ்சாறு நாள்ல அதெல்லாம் வராது. சுகர் ஏறலாம், அதைப் பாத்துக்குவோம்." பேசியபடியே மருத்துவர் மருந்து ஏறுவதைக் கவனிக்கிறார்.

அந்த அம்மாளைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மூட்டுவலிக்குப் பெயரில்லாத பொடி வாங்கித் தின்று, அதில் கலந்திருந்த ஸ்டீராய்டால் முகம் வீங்கியவர்கள் உண்டு. பயம் நியாயமானதுதான். விழுகிற இடம்தான் தவறு.

முதலில் முடக்குவாத நோயாளிக்குத்தான் கார்டிசோன் என்ற ஸ்டீராய்டைக் கொடுத்தார்கள், 1948-ல், அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில். அந்த ஆராய்ச்சிக்கு 1950-ல் நோபல் பரிசு. கடும் ஆஸ்துமாவில் அது உதவுகிறதா என்று பிரிட்டனில் முறையாகச் சோதித்து 1956-ல் எழுதினார்கள். அன்றிலிருந்து இந்தக் குப்பியின் உறவினர்கள் எத்தனையோ மூச்சைக் காப்பாற்றியிருக்கின்றன. ஆனால் பேர் வாங்குவது நெபுலைசர். அந்தப் புகையை உள்ளே இழுத்த சில நிமிடங்களில் குழாயைச் சுற்றிய தசை தளர்கிறது, கண்ணுக்குத் தெரிகிறது. குழாயின் உட்சுவர் வீங்கிச் சளி அடைத்துக் கிடப்பதை அது தொடாது. வீக்கத்தை வளர்க்கும் பொருள்களைச் செல்கள் தயாரிப்பதையே ஸ்டீராய்டு நிறுத்துகிறது. அந்த வேலைக்கு நாலு முதல் ஆறு மணி நேரம் பிடிக்கும். தாமதமாக வேலை செய்யும் மருந்து என்பதால்தான் வந்த ஒரு மணி நேரத்துக்குள் கொடுத்துவிட வேண்டும் என்கிறார்கள்.

ஆறரை மணி. மூன்றாவது முறை நெபுலைசர். விசில் திரும்பக் கேட்கிறது. கணவர் கலவரப்படுகிறார். மருத்துவர் முதன்முறையாகச் சிரிக்கிறார்.

பத்தரைக்கு எண் 95. "கொஞ்சம் காபி குடிக்கட்டா?" என்று ஒரே மூச்சில் கேட்கிறாள். நாளைக்குப் பொங்கல், வீட்டுக்குப் போகலாம் என்று மாமியார் பையை எடுக்கிறார். முடியாது என்கிறார் மருத்துவர். இன்று ராத்திரி இங்கேதான். இனி ஊசிக்குப் பதில் மாத்திரை. விழுங்க முடிகிறவர்களுக்கு இரண்டும் ஒரே பலன்.

சிஸ்டர் உள்ளங்கையில் தருகிறார்: பிரட்னிசோலோன், 5 மில்லிகிராம், எட்டு மாத்திரை.

"ஒரு வேளைக்கு எட்டா?"

"ஆமா. காலைல சாப்பிட்டதும், அஞ்சு நாள். மூச்சு நல்லாயிருக்குன்னு நடுவுல நிறுத்தக் கூடாது. தினமும் இழுக்க இன்ஹேலர் குடுத்திருந்தாங்களே, எங்க அது?"

அவள் மாமியாரைப் பார்க்கிறாள். ஸ்டீராய்டு என்று யாரோ சொல்ல, தீபாவளியோடு நிறுத்தியாயிற்று.

"அது ஒரு நாளைக்கு 400 மைக்ரோகிராம்மா. இப்ப முழுங்குறது 40 மில்லிகிராம். எடையில நூறு மடங்கு."

மாமியார் அந்த எட்டு மாத்திரைகளையே பார்த்துக்கொண்டு நிற்கிறார். பிறகு மெதுவாகக் கேட்கிறார்: "பேரனுக்கும் மார்கழி வந்தா இழுக்குதும்மா. அவனையும் கூட்டிட்டு வரட்டா?"