காட்டுல சும்மா கெடக்கிற பூ



இந்தப் போகி அன்று எங்க அமுச்சியும் நானும் சந்தையில் பூ விற்றோம். மல்லி, செவ்வந்தி இல்லை. காப்புக் கட்டுகிற பூ. பூளைப்பூ, ஆவாரம்பூ, வேப்பிலை மூன்றும் சேர்த்து ஒரு கட்டு 10 ரூபாய். எங்கள் கொங்குப் பக்கத்தில் போகி சாயங்காலம் இதை வீட்டுக் கூரையிலும், மாட்டுக் கட்டுத்தரையிலும், காட்டு மூலையிலும் செருகினால்தான் பொங்கல் வந்த மாதிரி இருக்கும்.

என் வகுப்புத் தோழி ஒருத்தி அவள் அம்மாவோடு வந்தாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். "காட்டுல சும்மா கெடக்கறதுக்குப் பத்து ரூவாயா?" என்று அவள் அம்மா கேட்டாங்க. அமுச்சி சிரித்துக்கொண்டே, "எட்டு ரூவா குடு கண்ணு" என்று சொல்லிட்டாங்க. எனக்கு அழுகை வந்தது. அப்போது பதில் சொல்லத் தெரியவில்லை. இப்போது சொல்கிறேன்.

அது சும்மா கிடக்கவில்லை. முன்னே எங்க ஊர் வரப்பிலேயே பூளை இருந்ததாம். இப்போது வரப்புக்கெல்லாம் களைக்கொல்லி அடிக்கிறார்கள். அதனால் முந்தின நாள் விடியக் கருக்கலிலேயே எழுந்து, ஏரிக்கரை தாண்டிப் புறம்போக்கு வரைக்கும் நடந்தோம்.

இன்னொன்றையும் ஒத்துக்கொள்ள வேண்டும். போன வருஷம் கோயில் பின்னால் மேட்டில் பூளை நிறைய இருந்தது. சீக்கிரம் முடியட்டும் என்று நான் வேரோடு பிடுங்கினேன். "ஒடிச்செடு சாமி, வேர உட்டாத்தான் மழைக்குத் துளுக்கும்" என்று அமுச்சி சொன்னதைக் கேட்கவில்லை. இந்த வருஷம் போய்ப் பார்த்தால் அந்த மேட்டில் ஒரு செடிகூட இல்லை. அமுச்சி திட்டவில்லை. "வா, அந்தப் பக்கம் பாக்கலாம்" என்று மட்டும் சொல்லிவிட்டு, முழங்கால் வலியோடு நடந்தாங்க. திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை.

குறிஞ்சிப்பாட்டில் கபிலர் 99 பூக்களைச் சொல்கிறார் என்று தமிழ் ஐயா சொன்னார். அதில் பூளையும் இருக்கிறது, ஆவிரையும் இருக்கிறது. ஆவிரைதான் நம்ம ஆவாரம். சித்த வைத்தியத்தில் சிறுபூளையைக் கல்லடைப்புக்குக் கொடுப்பார்கள். ஆவாரம்பட்டையை வைத்துத் தோல் பதனிட்டார்கள். இத்தனை பெருமை உள்ள பூவை விற்க நான் ஏன் தலை குனிந்தேன்?

இந்தத் தடவை ஒரு செடியையும் வேரோடு பிடுங்கவில்லை. விதைக்கென்று நாலைந்து செடியைத் தொடாமலே விட்டுவிட்டு வந்தோம்.

அந்தத் தோழி இதைப் படிப்பாள். அவள் மேல் எனக்குக் கோபம் இல்லை. அடுத்த போகிக்கு நீயும் எங்களோடு வா. வேரை விட்டு எப்படி ஒடிப்பது என்று அமுச்சி சொல்லித் தருவாங்க.