காட்டுக்கும் ஐந்தொகை வேண்டும்

சாக்கோட்டைக்காரனுக்குக் காட்டைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது என்று ஊரில் உள்ளவர்களே கேட்பார்கள். கேட்பதில் நியாயம் உண்டு. எங்களுடையது செம்மண், சரளை, வானம் பார்த்த பூமி. மழை பெய்தால் கண்மாய், பெய்யாவிட்டால் அதே இடத்தில் கருவைக் காடு. ஆனாலும் காட்டு மரத்தோடு எங்கள் வட்டாரத்துக்குள்ள சம்பந்தம் சின்னதல்ல. கோட்டையூர், பள்ளத்தூர், கானாடுகாத்தான் என்று எந்த ஊரில் எந்தப் பெரிய வீட்டுக்குள் நுழைந்தாலும் முகப்பில் பர்மாத் தேக்குத் தூண் நிற்கும். அந்தத் தூணைத் தடவிப் பார்த்துப் பெருமைப்படாதவர் கிடையாது. அது வெட்டப்பட்ட மலையில் மறுபடி மரம் முளைத்ததா, அங்கே ஓடிய ஓடை என்ன ஆயிற்று என்று எங்கள் பக்கம் யாரும் விசாரித்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.

அந்தத் தேக்குக் காடுகளை அளந்து, எண்ணி, முறைப்படி வெட்டுவதற்கு 1856இல் டீட்ரிச் பிராண்டிஸ் என்ற ஜெர்மானியரை ஆங்கிலேயர் பர்மாவில் அமர்த்தினார்கள். 1864இல் இந்திய வனத்துறையின் முதல் தலைமை அதிகாரியும் அவரே. அன்றைக்கு அமைந்த ஏற்பாடு எளிமையானது. நடுவதும் துறை, காப்பதும் துறை, வெட்டி விற்பதும் துறை, கடைசியில் எல்லாம் சரியாக நடந்தது என்று எழுதிக்கொள்வதும் அதே துறை.

எங்கள் அய்யா ஒரு செட்டியார் வீட்டில் கணக்குப்பிள்ளையாக இருந்தவர். இந்த ஏற்பாட்டைக் கேட்டிருந்தால் சிரித்திருப்பார். பர்மாவிலும் மலாயாவிலும் கடை வைத்த நகரத்தார், மேலாளை வழக்கமாக மூன்று வருஷக் கணக்குக்குத்தான் அனுப்புவார்கள். கெடு முடிந்ததும் புதிய ஆள் போவார், பழையவர் பேரேட்டை ஒப்படைத்துவிட்டு ஊர் திரும்புவார், கணக்கை முடித்துக் காட்டும் ஐந்தொகை முதலாளி வீட்டில் வரிவரியாகப் பார்க்கப்படும். மேலாள் திருடன் என்பதற்காக அல்ல. பெட்டியில் கை வைக்கிறவரே கணக்கையும் முடிக்கக் கூடாது என்பதற்காக.

நான் இப்போது இருப்பது கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில், கம்லூப்ஸ் என்ற ஊரில். செக்வெப்மக் பழங்குடியினர் யாருக்கும் எழுதிக் கொடுக்காத மண் இது. இரண்டு ஆறுகள் சேரும் இடம். சுற்றிலும் புல் மூடிய வறண்ட மலைகள், அவற்றுக்கு மேலே பைன், ஃபர் காடுகள். இந்த ஊர்ப் பிழைப்பு நெடுங்காலமாக மரத்தையும் மாட்டையும் நம்பியது. மாகாண நிலத்தில் ஏறத்தாழ 94 விழுக்காடு அரசுக்குச் சொந்தமான பொது நிலம். அதில் மரம் வெட்டக் கம்பெனிகளுக்கு உரிமம், மாடு மேய்க்கப் பண்ணைக்காரர்களுக்கு உரிமம். அரசே தன் பங்குக்கு மரத்தை ஏலம் விடவும் ஒரு நிறுவனம் வைத்திருக்கிறது. நிலத்துக்குச் சொந்தக்காரர், சட்டம் போடுபவர், ஏலம் விடுபவர் எல்லாம் ஒருவரே என்பதில் நம் ஊருக்கும் இந்த ஊருக்கும் வித்தியாசம் இல்லை.

வித்தியாசம் 1995இல் வந்தது. 1993 கோடையில் வான்கூவர் தீவின் கிளேயோகுவாட் சவுண்டில் பழங்காட்டை வெட்டுவதை எதிர்த்து மக்கள் சாலையை மறித்தார்கள். 800க்கும் மேற்பட்டவர்கள் கைதானார்கள். உலகமே வேடிக்கை பார்த்தது. மறு வருஷம் மாகாண அரசு வன நடைமுறைச் சட்டம் கொண்டுவந்தது. அந்தச் சட்டத்தின் கீழ் 1995இல் வன நடைமுறைகள் வாரியம் என்ற தனி அமைப்பு பிறந்தது. 2004இல் பழைய சட்டம் போய் வனம், மேய்ச்சல் நிலம் இரண்டுக்குமான புதிய சட்டம் வந்தது. வாரியம் மட்டும் அப்படியே தொடர்ந்தது.

அதன் வேலை இரண்டு. முதலாவது தணிக்கை. மாகாணத்தில் எங்காவது ஒரு உரிமதாரரைத் தேர்ந்தெடுத்து, வனவியலாளர்களும் பொறியாளர்களும் நேரில் போவார்கள். வெட்டிய இடம், போட்ட சாலை, ஓடையின் குறுக்கே வைத்த குழாய், மறுநடவு என எல்லாவற்றையும் பார்ப்பார்கள். தணிக்கைக்கு உள்ளாவது கம்பெனியாகவும் இருக்கலாம், அரசின் ஏல நிறுவனமாகவும் இருக்கலாம். இரண்டாவது புகார். நிலம் வைத்திருக்க வேண்டாம், வக்கீல் வேண்டாம், கட்டணம் வேண்டாம். “எங்கள் குடிதண்ணீர் ஓடைக்கு மேலே மரம் வெட்டுகிறார்கள், சரியா என்று பாருங்கள்” என்று யார் எழுதினாலும் வாரியம் அதை எடுத்துப் பார்த்தாக வேண்டும். குறை சொல்லப்பட்டவருக்குப் பதில் சொல்ல வாய்ப்புத் தருவார்கள். பிறகு அறிக்கை பொதுவில் வரும்.

இதில் மேய்ச்சலும் அடக்கம் என்பதுதான் என்னை ஈர்த்தது. எங்கள் வீட்டில் ஆடு இருந்தது. கீதாரிகள் கிடை போட்ட வயலில் அடுத்த போகம் எப்படி விளையும் என்பது எனக்குத் தெரியும். எனக்குப் பழக்கமான ஒரு மாட்டுப் பண்ணைக்காரர் ஒருமுறை தன் மேய்ச்சல் எல்லைக்கு அழைத்துப் போனார். ஓடைக்கரையில் முழங்கால் உயரத்துக்கு ஒரு கம்பிக்கூண்டு கவிழ்த்து வைத்திருந்தார். கூண்டுக்குள் புல் கதிர் விட்டு நின்றது. வெளியே மாடு கடித்த கட்டைப் புல். இரண்டையும் அளவுகோலால் அளந்து நோட்டில் குறித்துக்கொண்டார். கட்டையின் உயரம் திட்டத்தில் சொன்ன அளவுக்குக் கீழே போனால் மாட்டை அடுத்த புலத்துக்கு ஓட்டிவிட வேண்டும். பத்தடி தள்ளிக் கரை இடிந்து, குளம்புக் குழிகளில் சேறு கலந்த தண்ணீர் தேங்கிக் கிடந்தது. “தணிக்கைக்கு வந்தால் முதலில் இதைத்தான் பார்ப்பார்கள்” என்றார். அவர் வாரியத்தை விரும்பவில்லை, திட்டவும் இல்லை. வேலி போட முள்கம்பிச் சுருள் வாங்கி வைத்திருந்தார்.

வாரியத்துக்கு அபராதம் போடும் அதிகாரம் கிடையாது. வெட்டை நிறுத்தும் அதிகாரமும் கிடையாது. தண்டனை கொடுப்பது அமைச்சகத்தின் வேலை. அந்த முடிவுகளில் சிலவற்றை எதிர்த்து வன மேல்முறையீட்டு ஆணையத்துக்கு வாரியம் போகலாம், அவ்வளவுதான். வான்கூவர் தீவின் நாமிண்ட் பள்ளத்தாக்கில் 2018இல் பெரும் முதுமரங்கள் வீழ்த்தப்பட்டது பற்றிப் புகார் போயிற்று. அரசின் ஏல நிறுவனம் வகுத்த திட்டமே பழங்காட்டைக் காக்கும் சட்ட இலக்குகளுக்குப் பொருந்தவில்லை, அதை ஒப்புக்கொண்டிருக்கவே கூடாது என்று 2021 மே மாதம் வாரியம் எழுதியது. விழுந்த மரம் விழுந்ததுதான். அதே வருஷம் அதே தீவின் ஃபேரி கிரீக்கில் பழங்காட்டை வெட்டுவதை மறித்து 1,100 பேருக்கு மேல் கைதானார்கள். 2023இல் மாகாணத்தில் காட்டுத்தீ 28 லட்சம் ஹெக்டேரைத் தின்றது. வாரியம் இருந்ததால் எதுவும் நடக்காமல் போய்விடவில்லை.

பிறகு எதற்கு அது? அரசின் நிறுவனம் அரசின் சட்டத்துக்குப் பொருந்த நடக்கவில்லை என்று அரசின் பணத்திலேயே ஒருவர் எழுதி, அமைச்சரும் கம்பெனியும் பொதுஜனமும் ஒரே நாளில் படிக்கும்படி வைக்கிறாரே, அதற்காக. பல் இல்லாத நாய் என்று இங்கே கேலி செய்பவர்கள் உண்டு. குரைக்கவாவது ஒரு நாய் இருக்கிறது என்பது என் கட்சி.

நம் பக்கம் என்ன நிலை? வனத்துறை வரம்பு மீறும்போது தட்டிக் கேட்கத் தனி அமைப்பு இல்லை, நீதிமன்றம் மட்டும் இருக்கிறது. நீதிமன்றத்தின் வேகம் வாச்சாத்திக்குத் தெரியும். சந்தனமரக் கடத்தலைப் பிடிக்கிறோம் என்று வனத்துறையும் காவல்துறையும் வருவாய்த்துறையும் அந்த ஊருக்குள் புகுந்து ஆடிய வெறியாட்டம் 1992 ஜூனில். தருமபுரி நீதிமன்றத் தீர்ப்பு 2011இல். உயர்நீதிமன்றம் அதை உறுதிசெய்தது 2023இல். காடழிப்பை எதிர்த்த கோதவர்மன் வழக்கில் உச்ச நீதிமன்றமே காடுகளைக் கண்காணிக்க மத்திய அதிகாரக் குழு ஒன்றை 2002இல் அமைத்தது. 2023இல் அதை ஒன்றிய அரசு நியமிக்கும் உறுப்பினர்களையே கொண்டு மாற்றி அமைத்தபோது, வெளி ஆள் யாரும் இல்லையே என்ற கேள்வி எழுந்ததில் வியப்பில்லை.

மேய்ச்சலுக்கும் இதே கதிதான். 2022 மார்ச்சில் சென்னை உயர்நீதிமன்றம் தமிழகக் காடுகள் எல்லாவற்றிலும் கால்நடை மேய்ச்சலுக்குத் தடை போட்டது. அதே மாதம் அந்தத் தடையைப் புலிகள் காப்பகம், சரணாலயம், தேசியப் பூங்கா என்று சுருக்கியது. சீமைக் கருவேலத்தை அடியோடு பிடுங்கச் சொல்லி மதுரைக் கிளை போட்ட உத்தரவுக்கும், அது சில மாதங்களில் 2017இல் நிறுத்தி வைக்கப்பட்டதற்கும் நடுவில் எங்கள் பக்கக் கண்மாய்களில் பொக்லைன் ஓடியதை நாங்கள் பார்த்தோம். எந்தக் கண்மாயில் எவ்வளவு வெட்டினார்கள், மூட்டம் போட்டுக் கரியாக எவ்வளவு போயிற்று, அந்தப் பணம் எந்தத் தலைப்பில் வரவு வைக்கப்பட்டது, கரையில் நின்ற நாட்டு மரம் எத்தனை சேர்ந்து சாய்ந்தது? இதையெல்லாம் ஓர் இடத்தில் கணக்காக எழுதி யாரும் பொதுவில் வைத்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. தைலமரமும் அப்படித்தான். புதுக்கோட்டைப் பக்கத்து விவசாயிகள் வரத்துக் கால்வாயில் தண்ணீர் வரவில்லை என்று ஆண்டுக்கணக்கில் புலம்புகிறார்கள். நட்டவர்களோ காகித ஆலைக்குக் கூழ்மரம் வேண்டும் என்கிறார்கள். இருவரில் யார் சொல்வது சரி என்று களத்தில் அளந்து சொல்ல மூன்றாவது ஆள் இல்லை.

போன மாதம் அம்மானிடம் தொலைபேசியில் கேட்டேன், “நம்ம கண்மாய்க் கருவையை ஏலம் விட்டாங்களாமே, எவ்வளவுக்கு அம்மான்?”

“விட்டாச்சு மாப்பிள்ள. எவ்வளவுன்னு எடுத்தவனுக்குத் தெரியும், விட்டவுகளுக்குத் தெரியும். நமக்கு எதுக்கு அது?”

அந்த “நமக்கு எதுக்கு”தான் பிரச்சினை. கனடா மாதிரி வாரியம் நம் பக்கம் நாளைக்கே வந்துவிடாது. வர வேண்டும் என்று கேட்பதை நிறுத்தவும் கூடாது. வனத்துறை, காகித ஆலை, ஊராட்சி மூன்றுக்கும் வெளியே, யாருடைய புகாரையும் எடுத்துப் பார்த்தாக வேண்டிய, அறிக்கையை வெளியிட்டே ஆக வேண்டிய ஓர் அமைப்பு தமிழ்நாட்டுக்குத் தேவை. அபராத அதிகாரம் பிறகு வரட்டும்.

அதுவரை கையில் இருப்பது கிராமசபை. தமிழ்நாட்டில் ஆண்டுக்கு ஆறு நாள் அது கூட வேண்டும்: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. சாக்கோட்டை ஒன்றியத்து ஊராட்சிகளில் இருக்கும் சொந்தங்களே, அடுத்த கூட்டத்துக்குப் போங்கள். எந்தக் கண்மாயில் மரம் வெட்டினீர்கள், எவ்வளவுக்குப் போயிற்று, பணம் எங்கே வரவு, மறுபடி என்ன நட்டீர்கள் என்று நான்கே கேள்வி கேளுங்கள். வாயால் கேட்டு விட்டுவிடாதீர்கள். கேட்டவர் பெயரும் பதில் சொன்னவர் பெயரும் தீர்மானப் புத்தகத்தில் ஏறட்டும்.