தரை தொடும் வேளை

பயிருக்கு மருந்து தூவும் விமானி ஒரு நாளில் பன்முறை தரையிறங்க வேண்டும். மருந்து தீர்ந்ததும் வயலோரத்துக் குறுகிய திடலில் இறங்கி, தொட்டியை நிரப்பிக்கொண்டு மீண்டும் எழும்புகிறான். பொழுது ஏற ஏறக் களைப்பும் ஏறுகிறது.

இவ்வகை விமானங்களிற் பலவற்றுக்குச் சிறு சக்கரம் வாலில் இருக்கிறது. புவியீர்ப்பு மையமோ பெரிய சக்கரங்களுக்குப் பின்னே அமைகிறது. ஆகவே தரையில் ஓடும்போது மூக்குச் சற்றே திரும்பினாலும், பின்பாரம் அத்திருப்பத்தை மேலும் வளர்க்கிறது. உடனே திருத்தாவிடில் விமானம் சுழன்று, இறக்கை மண்ணில் மோதும். பௌதிகம் பயிலும் நான் இதைத் தாளில் வரைந்து பார்த்தேன். விமானியைக் குறைகூற மனம் வரவில்லை.

அமெரிக்கப் பொறியியலறிஞர் பிரெட் வீக் வடிவமைத்து, 1959இல் விற்பனைக்கு வந்த பைப்பர் பாவ்னீ விமானத்தில் மருந்துத் தொட்டி விமானிக்கு முன்னே வைக்கப்பட்டது. மோதினால் முன்பாகம் முதலில் நசுங்கும். பாரமான தொட்டி அவன் முதுகில் வந்து விழாது. இந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ் 1970களில் கட்டிய ‘பசந்த்’ விமானத்திலும் தொட்டி முன்னேதான்.

நண்பர்களே, ‘கவனமாக இறங்கு’ என்று சொல்வது எளிது. களைத்தவன் கவனம் ஒரு கணம் பிசகும் என்று ஒப்புக்கொண்டு, அக்கணத்திலும் அவன் உயிர் தப்ப இடம் வைத்த விஞ்ஞானத்தையே நான் போற்றுகிறேன்.