கடலுக்குள் ஒரு மதில்

தூத்துக்குடியிலிருந்து இராமநாதபுரம் செல்லும் கடற்கரைச் சாலையில் வழித்துணையாக வருபவை பனைமரங்களே. வேம்பார், சாயல்குடி, ஏர்வாடி, கீழக்கரை என்று ஊர்கள் கடந்துபோகும். வலப்புறம் மன்னார் வளைகுடா அவ்வப்போது முகங்காட்டி மறையும். இக்கடலிலுள்ள 21 தீவுகளைச் சேர்த்து 1986-ல் தேசியப் பூங்கா அமைத்தார்கள்.

மண்டபம் சேர்ந்தால் இரு புறமும் கடல். தென்கடலை ஆண் கடல் என்றும், வடகடலைப் பெண் கடல் என்றும் மீனவர்கள் அழைக்கிறார்கள். தென்மேற்குப் பருவத்தில் தெற்கே அலை குமுறினாலும் வடக்கே குளம்போல் அமைதியாயிருக்கும். அந்தப் பெண் கடலில்தான் சிறு துடுப்புப் படகில் சென்றோம். பிறகு முகத்தில் கண்ணாடியும் வாயில் மூச்சுக்குழலும் பொருத்திக்கொண்டு, ஜலத்தில் குப்புற மிதந்தோம். அடியில் மூளையைப் போல் மடிப்புகள் கொண்ட பவளப்பாறைகள். அவற்றினிடையே வரி வரியான மீன்கள்!

பாறை என்று நாம் சொல்லுவது மிகச் சிறிய உயிர்கள் தலைமுறை தலைமுறையாகக் கட்டிய சுண்ணாம்பு வீடு. அலையின் வேகத்தைத் தணித்துக் கரையைக் காக்கும் மதிலும் அதுவே. அதை வெட்டிச் சூளையிலிட்டுப் பல காலம் சுண்ணாம்பாக்கினார்கள். பவளத்துக்குச் சட்டப் பாதுகாப்பு 2001-ல்தான் கிடைத்தது. பூவரசன்பட்டி, விலாங்குசல்லி என்ற இரு தீவுகள் கடலில் மூழ்கியதற்குப் பவளம் வெட்டியதே முக்கிய காரணம் என்கிறார்கள். வீட்டுச் சுவர் எழுப்ப நாட்டின் சுவரை இடித்தோம் அல்லவா?

போகிறவர்கள் குழந்தைகளுக்கு முன்கூட்டியே சொல்லிவையுங்கள்: மிதக்கலாம், பார்க்கலாம், களைத்தாலும் பவளத்தின்மேல் காலூன்றக் கூடாது. வருஷத்துக்கு ஓரங்குலங்கூட வளராத பவளங்கள் அங்கே உண்டு.