கோஸ்தா

"நீர் கோவாக்காரரோ?" பாளையங்கோட்டையில் கல்லூரித் தோழர்கள் என்னைக் கேட்ட முதற்கேள்வி இதுதான். உவரிக்காரன் என்றேன், நகைத்தனர். கோஸ்தா எனும் பெயர் தாங்கியவன் தமிழனாக இருப்பானென்று எப்படி நம்புவர், பாவம்!

முத்துக்குளித்துறையில் பகைவரால் அல்லலுற்ற பரதவர், கொச்சியிலிருந்த போர்த்துக்கீசியரிடம் பாதுகாப்பு நாடினர். பாதுகாப்பு வந்தது, உடன் திருமுழுக்கும் வந்தது. 1535–37ஆம் ஆண்டுகளில் ஊர் ஊராக மதம் மாறினர். சவேரியார் 1542இல் வருமுன்பே இது நடந்தேறிவிட்டது. ஞானத்தந்தையாக நின்ற பறங்கியரின் பெயர் குடும்பப் பெயராயிற்று: பர்னாந்து, கோமஸ், மச்சாடோ, குரூஸ், கோஸ்தா.

குரூஸ் என்றால் சிலுவை. மச்சாடோ, கோடரி. கோஸ்தாவோ இலத்தீனில் வேர் கொண்டது. முதலில் விலா எலும்பு, பிறகு பக்கம், பிறகு கடற்கரை. இத்தாலியிலும் இப்பெயர்க் குடும்பங்கள் உண்டு. நெய்தல் நிலத்தானுக்குக் கரை என்றே பெயர், அவனுக்கே விளங்காத மொழியில்! தந்தையிடம் சொன்னேன். "ஏல, கரைக்காரனுக்குக் கரைன்னா பேரு வச்சான்?" என்று வாய்விட்டுச் சிரித்தார்.

கடல் கடந்து வந்த பெயர் சாதியைக் கடந்ததா? இத்தாலியில் ஃபெராரி என்றால் கொல்லர். அப்பெயருடையோன் உலைமுன் நிற்கவேண்டுமென்று இன்று எவரும் எதிர்பார்ப்பதில்லை. இங்கோ, பர்னாந்து என்றதும் இன்ன குலம் என்று கணக்கெடுத்து விடுகிறார்கள். 1929இல் செங்கற்பட்டுச் சுயமரியாதை மாநாடு சாதிப் பட்டங்களைத் துறக்கத் தீர்மானித்தது. பிள்ளை, முதலியார் எனும் வால்கள் பலருக்கு அறுந்தன. எங்கள் வால் ஐரோப்பிய உடை உடுத்தியிருந்ததால் வாலென்றே எவருக்கும் தோன்றவில்லை!

பெயரை வெறுக்கிறேன் என்று எண்ணிவிடாதீர்கள். தாமிரபரணி நீரைத் தூத்துக்குடிக்குக் கொணர்ந்தவர் குரூஸ் பர்னாந்து. உவரியில் பிறந்த ஜோ டி குரூஸ் 'கொற்கை' நாவலுக்காக 2013இல் சாகித்திய அகாதமி விருது பெற்றார். பெயரில் பெருமையும் உண்டு. மணப்பேச்சில் அதுவே வேலியாகும்போதுதான் நெஞ்சு கொதிக்கிறது.

என் தங்கை தன்னுடன் பணிபுரியும் ஆசிரியரை விரும்பினாள். அவரும் கிறித்தவரே, உள்நாட்டுக்காரர், வேறு சாதி. "வேதம் ஒன்றுதான், பேரு வேறயாச்சே" என்றார் உறவினர் ஒருவர். நானூற்றெண்பது ஆண்டுகளுக்கு மேலாக ஒரே பீடத்தின்முன் முழந்தாளிட்டவர் வாயில் வந்த சொல் அது!

பதிவு அலுவலகத்தில் மணம் நிகழ்ந்தது. தங்கை தலைப்பெழுத்தோடு தன் பெயரை மட்டும் எழுதினாள். சாட்சியாகத் தந்தை கையெழுத்திட்டார். கோஸ்தா என்று முழுதாகவே எழுதினார்.