அந்த 200 ரூபாயை யாரிடம் கேட்பது?

ஊர்ப்பக்கம் அதை 'முதியோர் பணம்' என்பார்கள். சிலர் 'ஓ.ஏ.பி.' என்பார்கள். தமிழ்நாட்டில் 2023 ஆகஸ்ட் முதல் மாதம் 1,200 ரூபாய். பிள்ளைகளிடம் கை நீட்டாமல் மாத்திரை வாங்கவும், பேரன் கையில் ஒரு பிஸ்கட் பாக்கெட் கொடுக்கவும் பல பாட்டிகளுக்கு இருக்கும் ஒரே சொந்தப் பணம் இதுதான்.

இதில் மத்திய அரசின் பங்கு எவ்வளவு தெரியுமா? மத்தியத் திட்டத்தில் வருகிற 60 முதல் 79 வயது வரையிலான ஏழை முதியவர்களுக்கு வெறும் 200 ரூபாய். 80 வயதானால் 500. மீதியை மாநில அரசு போடுகிறது.

1995-ல் 75 ரூபாயோடு தொடங்கிய திட்டம் இது. 2006-ல் 200 ஆனது. 2011-ல் தகுதி வயதை 65-லிருந்து 60 ஆகக் குறைத்தார்கள். ஆனால், அந்த 200 மட்டும் நின்ற இடத்திலேயே நிற்கிறது. அரசு ஊழியர் ஓய்வூதியத்துக்கு விலைவாசியைப் பார்த்து ஆண்டுக்கு இருமுறை அகவிலைப்படி ஏறும். காட்டிலும் களத்துமேட்டிலும் உழைத்து ஓய்ந்தவர்களின் பணத்துக்கு அப்படி ஒரு விதியே இல்லை.

இன்னொரு சிக்கல், ஆள் கணக்கு. நாடு முழுக்க சுமார் 2.2 கோடி பேருக்குத்தான் மத்திய அரசு பணம் தருகிறது. மாநிலத்துக்கு இத்தனை பேர் என்று வரம்பு உண்டு. அதற்கு மேல் சேர்ப்பவர்களுக்கு மாநிலம்தான் முழுத் தொகையையும் கொடுக்க வேண்டும்.

தொகையை உயர்த்தச் சொல்லி நாடாளுமன்ற நிலைக்குழுவே பலமுறை பரிந்துரைத்துவிட்டது. 2012-ல் அருணா ராய், பாபா ஆதவ் போன்றோர் முதியவர்களைத் திரட்டி டெல்லி ஜந்தர் மந்தரில் உட்கார்ந்தார்கள். அப்படியும் நகரவில்லை.

ஆனால், மாநிலங்களில் நகர்கிறது. பீகாரில் 400 ரூபாயாக இருந்த ஓய்வூதியம், 2025 சட்டமன்றத் தேர்தலுக்குச் சில மாதங்கள் முன்பு 1,100 ஆனது. காரணம் எளிது. முதியோர் பணம் பற்றி எம்.எல்.ஏ-விடம் கேட்க மக்களுக்குத் தெரியும். அதில் டெல்லியின் பங்கு என்ன என்று எம்.பி-யிடம் யாரும் கேட்பதில்லை. கேட்காத இடத்தில் பதில் சொல்ல வேண்டிய அவசியம் யாருக்கும் வராது.

கேட்பதற்கு வழிகள் இருக்கின்றன. உங்கள் எம்.பி-க்கு ஒரு பக்கக் கடிதம் எழுதுங்கள். இந்தத் திட்டத்தை நடத்தும் ஊரக வளர்ச்சி அமைச்சகத்திடம் அவர் அவையில் கேள்வி எழுப்பலாம். ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 போன்ற நாள்களில் நடக்கும் கிராம சபையில் தீர்மானம் கொண்டுவரலாம். உங்கள் மாவட்டத்தில் எத்தனை பேருக்கு மத்தியப் பங்கு வருகிறது, எத்தனை மனுக்கள் காத்திருக்கின்றன என்று தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தில் கேட்கலாம். 30 நாளில் பதில் தர வேண்டும். அந்த எண்களை வைத்துக்கொண்டு பேசினால் உங்கள் கோரிக்கையை எளிதில் தட்டிக்கழிக்க முடியாது.

ஒரு கடிதத்தால் கொள்கை மாறிவிடாதுதான். ஒரு தொகுதியிலிருந்து ஆயிரம் கடிதம் போனால், அது ஓட்டுக் கணக்காகிவிடும். முதியவர்களால் அலைய முடியாது. அவர்களுக்காக எழுத, வீட்டில் போன் வைத்திருக்கும் பேரப்பிள்ளைகளால் முடியும்.