நம் கையா, பட்டறையா?



என்னிடம் இருப்பது பழைய மாருதி 800. மூன்று சிலிண்டர், 796 சி.சி. எஞ்சின். உம்மாவை வாரந்தோறும் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்வது அதில்தான். மேட்டில் ஏறத் திணறத் தொடங்கியபோது, "வீடியோ பார்த்து நாமே எஞ்சினுக்கு வலுவேற்றலாம், வாப்பா" என்றான் மகன். செலவு மிச்சமாகும் என்ற ஆசை எனக்கும் இருந்தது.

ஏர் ஃபில்டரையும் மூன்று ஸ்பார்க் பிளக்குகளையும் நாங்களே மாற்றினோம். இரண்டு பிளக் வயர்களை இடம் மாற்றிச் செருகிவிட்டதால் எஞ்சின் குலுங்கியதே தவிர ஓடவில்லை. சரியாகச் செருகியதும் ஓடியது. மேட்டிலும் இலகுவாக ஏறியது.

டைமிங் பெல்ட் மாற்றும் காலமும் வந்திருந்தது. அந்தத் துணிவில் அதிலும் கைவைக்க முனைந்தோம். புல்லிகளின் குறிகள் ஒரு பல் பிசகினாலும் வால்வுகள் திறக்கும் நேரம் தவறிவிடும் என்று படித்ததும் ஸ்பேனரைக் கீழே வைத்தேன். மருத்துவம் அறியாதவன் வைத்தியம் பார்த்துத் தீங்கு நேர்ந்தால் அவனே பொறுப்பாளி என்று ஃபிக்ஹு வகுப்பில் கற்பிப்பவன் நான். மாணவர்களுக்குச் சொன்னது எனக்கில்லையா? பின்னிருக்கையில் அமர்பவர் என் உம்மா.

பட்டறையில் மெக்கானிக் பெல்டை மாட்டியபின் எஞ்சினைக் கையால் இரு சுற்றுச் சுழற்றி, குறிகளை மீண்டும் சரிபார்த்தார். நான் கூலி கொடுத்தது அந்த இரண்டாவது பார்வைக்கே என்று தோன்றியது.

"பெரிய எஞ்சின் பொருத்தலாமா?" என்று மகன் கேட்டான். பதிவுச் சான்றிதழுக்கு மாறாக வண்டியை மாற்றுவதை 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு தடுக்கிறது என்று விளக்கினேன்.

இன்றும் பிளக்கை அவனே மாற்றுகிறான். பெல்ட் வேலை பட்டறைக்குப் போகிறது.